தலைகீழ் வகுப்பும் நம் தலைமுறையும்

பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயின்ற நம் இளைஞர், கல்லூரியில் நுழைந்ததும் ஒரு வாக்கியம் பேச நா எழாது நிற்பதைக் காண்கிறோம். இஃது அறிவின் குறையன்று. பேச இடங்கொடாத கற்பித்தல் முறையின் குறையேயாகும்.

1835-ஆம் ஆண்டு மெக்காலேயின் குறிப்புரையைத் தொடர்ந்து ஆங்கிலம் உயர்கல்வியின் மொழியாயிற்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆசிரியர் விரிவுரையாற்றுவதும், மாணவர் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதும் வழக்கமாயின. அறுபது மாணவர் அமர்ந்த வகுப்பில் ஆசிரியர் ஒருவரே பேசுவார், அறுபதின்மரும் கேட்பர். கரையில் நின்று கேட்டு நீந்தக் கற்க இயலுமோ?

மாற்று வழி தேடியோரும் உளர். சென்னையில் படைவீரர்தம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிச் சிறார் மணலில் எழுதக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்திலும் பரவியது. 1979 முதல் 1984 வரை தென்னாட்டுப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய ஆய்வு, இரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் சிந்திக்க வைத்தது. பொருளில் மனம் ஊன்றினால் மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை.

'தலைகீழ் வகுப்பு' பின்னர் வந்தது. 1991-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசர், வகுப்பில் மாணவர் தம்முள் வாதிட்டு விடை காணும் முறையைத் தொடங்கினார். 2007-இல் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்னும் வேதியியல் ஆசிரியர் இருவர், வகுப்புக்கு வர இயலாதவர்க்காகப் பாடங்களைப் பதிவு செய்தனர். நாளடைவில் அனைவரும் பாடத்தை வீட்டிலே கண்டுவர, வகுப்பு நேரம் பயிற்சிக்குரியதாயிற்று.

இதனை ஆங்கில வகுப்பிற்குப் பொருத்திப் பார்ப்போம். வேலைக்கு விண்ணப்பிக்கும் மடல் பாடமாயின், மாதிரி மடலையும் சொற்பொருளையும் முதல்நாளே படித்து வருவர். வகுப்பில் நால்வர் நால்வராய் அமர்ந்து, ஒருவர் அதிகாரியாய் வினவ, ஒருவர் விடையிறுக்க, மற்றிருவர் பிழை நோக்குவர். ஆசிரியர் ஒவ்வொரு குழுவாகச் சென்று திருத்துவார். ஒருவர் மட்டும் பேசிய வகுப்பில் ஒரே வேளையில் பதினைந்து பேர் பேசுவர். பிழை நேரினும் மூவர் முன்னிலையில்தான், கூச்சம் விலகும்.

ஆயின், இம்முறை வீட்டை நம்பி நிற்கிறது. தனி அறையும் விளக்கும் கணினியும் உள்ள பிள்ளைக்கு இது வரம். ஓரறை வீட்டில், கூலிவேலை முடித்துத் திரும்பும் பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கும்? 2020-இல் பெருந்தொற்றால் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, கைப்பேசி இல்லா வீட்டுப் பிள்ளைகள் பாடம் இழந்ததை நாம் அறிவோம். அன்று நம் முன்னோர் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இன்று நம் பிள்ளைகள் திரைக்கு வெளியே நிற்றலாகாது.

டாக்டர் அம்பேத்கர் 1924-இல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அப்பெருந்தகை உணர்ந்திருந்தார். அவ்வழியில், ஊர்தோறும் ஒரு மாலைப் படிப்பகம் அமைத்தலை வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் தன் அடுத்த பணியாய் ஏற்றல் வேண்டும். விளக்கு, மேசை, ஒரு கணினி, வழிகாட்ட மூத்த மாணவர் ஒருவர் இருப்பின் போதும். வீடு தர இயலாததைச் சங்கம் தரும். இளைஞர்களே, அங்கே படித்து வாருங்கள்; வகுப்பிலே வாய் திறந்து பேசுங்கள்!