கடுகண்ணாவை ஏற்றமும் ஒரு மெல்லிய கம்பியும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி, மாவனல்லையைக் கடந்ததும் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. அதுவரை வயலையும் தென்னையையும் தழுவிச் சென்ற வீதி, கடுகண்ணாவைக் கணவாயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்குகிறது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், ஆளுநர் சேர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் வெட்டப்பட்ட வீதி இது. அதனை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கணவாயின் உச்சியில் நிற்கிறது. காளை மாடுகளின் வலிமையைக் கணக்கிட்டு அமைத்த இந்தச் சரிவுதான், ஒரு நூற்றாண்டின் பின்னர் வந்த மோட்டார் வண்டிகளுக்கும் பரீட்சை மண்டபமாயிற்று.

அந்தப் பரீட்சையில் தோற்று வீதியோரம் நின்ற வண்டிகள் எத்தனையோ. நின்றவற்றுள் பல, எஞ்சின் பழுதால் நின்றவை அல்ல. எரிபற்றல் கம்பிகளின் முதுமையால் நின்றவை. கராச்சுகளில் 'இக்னிஷன் வயரிங்' என்று சொல்லப்படுவது இதுதான். பழைய வண்டியின் சரித்திரம் பேசுவோர் அதன் தகட்டையும் தோல் இருக்கையையும் பற்றியே பேசுவர். தகட்டினுள் மறைந்து கிடக்கும் கம்பிக்கும் ஒரு சரித்திரம் உண்டு; அதில் கண்டிச் சீமைக்கும் பங்குண்டு என்பதை நேயர்கள் சற்றே கேட்டருள வேண்டும்.

பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி எஞ்சினுள் எரிய ஒரு தீப்பொறி வேண்டும். அதனை முதலில் தந்தது மக்னீற்றோ எனும் சுழல் காந்தம். 1902இல் ஜேர்மனியின் பொஷ் தொழிற்சாலையில் கொட்லொப் ஹொனோல்ட் என்பவர் உயர்வோல்ற்று மக்னீற்றோவைச் செம்மைப்படுத்தினார். பின்னர் 1910ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங், பற்றரியையும் கொயிலையும் கொண்டு பொறி எழுப்பும் முறையைக் கடிலாக் வண்டிகளுக்குத் தந்தார். விலை குறைந்த இம்முறையே நாளடைவில் சிறு வண்டிகளிலெல்லாம் நிலைபெற்றது. இலங்கையர் நன்கறிந்த ஒஸ்ரின் செவன் வண்டியும் மக்னீற்றோவில் தொடங்கிக் கொயிலுக்கு மாறியதே.

பற்றரியின் 12 வோல்ற்று மின்சாரம் சாவியின் வழியாகக் கொயிலுக்கு வருகிறது. கொயில் அதனைப் பத்தாயிரம் வோல்ற்றுக்கும் மேலாகப் பெருக்குகிறது. பெருகிய மின்சாரம் தடித்த கம்பி வழியாக டிஸ்ரிபியூட்டரை அடைந்து, அங்கிருந்து நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பங்கிடப்படுகிறது. மொரிஸ் மைனரில் அந்த முறை 1, 3, 4, 2 என்பதாகும். நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு செக்கனில் நூறு பொறிகள் வேண்டும்.

ஏற்றத்தில் வண்டி நிற்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. சாரதி அக்சிலறேற்றரை ஆழ அழுத்தும்போது சிலிண்டருக்குள் ஆவியின் நெருக்கம் மிகுகிறது. நெருக்கம் மிக மிகப் பொறி பாய்வதற்கு வேண்டிய வோல்ற்றும் மிகுகிறது. சமதரையில் எப்படியோ கடமையைச் செய்துவந்த வெடித்த கம்பி, மலையில் அந்தப் பாரத்தைத் தாங்காது, மின்சாரத்தை அருகிலுள்ள இரும்புக்குக் கசிய விட்டுவிடுகிறது. மலை புதிதாக ஒரு குறையை உண்டாக்குவதில்லை; இருந்த குறையை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவே.

கம்பி வெடிப்பானேன்? அந்நாளில் செம்புக் கம்பிக்கு மேலுறையாக அமைந்தது இறப்பர். இறப்பரைப் பதப்படுத்தும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் செம்பு இழைகளுக்கு வெள்ளீயம் பூசினர். இறப்பருக்கு மேல் பருத்தி நூலைப் பின்னி மெருகெண்ணெயும் பூசினர். அந்த இறப்பரின் கீழ்நாட்டு வரலாறு கண்டிக்கு அருகே உள்ள பேராதனையுடன் பின்னியது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்த விதைகளில் முளைத்த ஏறக்குறைய 1,900 கன்றுகள், 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அப்போது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் துவெயிற்ஸ். தாழ்நிலத்து வெம்மையை வேண்டி, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அக்கன்றுகள் நடப்பட்டன. இலங்கையின் இறப்பர்த் தொழிலுக்கு வித்திட்டது அந்தத் தோட்டமே.

அந்த இறப்பருக்கு வெப்பமும் எண்ணெயும் பகை. இன்னொரு பகையும் உண்டு. உயர்வோல்ற்று மின்சாரம் காற்றில் கசியும்போது ஓசோன் என்னும் வாயு பிறக்கிறது. அது இறப்பரைப் பிளக்கும். கம்பி சுமந்து செல்லும் மின்சாரமே கம்பியின் உறையைத் தின்கிறது. 1950களுக்குப் பின்னர் பி.வி.சி. உறை பரவலாக வந்து, வண்டியின் ஏனைய கம்பிகளில் இறப்பரின் இடத்தைப் பிடித்தது.

1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்பவரின் ஆக்கம். பத்து இலட்சம் விற்பனையைக் கண்ட முதற் பிரித்தானிய வண்டி அதுவே. 1971இல் அதன் உற்பத்தி நின்றது. ஆனால் இலங்கையில் அதன் ஆயுள் அப்போதுதான் நீளத் தொடங்கியிருந்தது. 1960களின் தொடக்கம் முதல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977வரை நிலைமை பெரிதும் தளரவில்லை. புதிய வண்டி வாங்க வழியில்லாத நாட்டில் பழைய வண்டி சாக அனுமதிக்கப்படுவதில்லை. கண்டியில் 'பாஸ்' என மரியாதையுடன் அழைக்கப்படும் கராச்சுத் தொழிலாளரின் கைவன்மைதான் அதற்கு உயிர்கொடுத்தது. 1990களில் தென்னிலங்கையில் செய்யப்பட்ட மொரிஸ் மைனர்த் தகட்டுப் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கைவன்மையைப் போற்றும்போதே அதன் பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும். கிடைத்த கம்பியைக் கொண்டு வேலையை முடிக்கும் வழக்கம் பஞ்ச காலத்தில் தவிர்க்க முடியாதது. பஞ்சம் தீர்ந்த பின்னரும் அது தொடர்ந்தது தவறு. வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கம்பி, வண்டியின் அதிர்வில் சில மாதங்களிலேயே உள்ளே முறிந்துவிடும். மோட்டார்க் கம்பி பல இழைகளால் ஆனது. பழைய கணக்கில் 28/.012 என்றால், அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு தடிப்புள்ள 28 இழைகள் என்று பொருள். 28/0.30 என மில்லிமீற்றரில் விற்கப்படும் கம்பி அதற்கு நேரானது. கடையில் கேட்டு வாங்க வேண்டியதும் அதுவே.

நிறத்தைப் பற்றிய அலட்சியம் இதனினும் பெரிய பிழை. பேர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனம் பிரித்தானிய வண்டிகளுக்கு ஒரு நிறமுறையை வகுத்தது. பற்றரியிலிருந்து வருவது மண்ணிறம். சாவியைத் திருப்பியபின் உயிர்பெறுவது வெள்ளை. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குச் செல்வது கருங்கோடிட்ட வெள்ளை. உடலிரும்புடன் சேர்வது கறுப்பு. இந்த நிறங்கள் ஓர் எழுத்து முறை போன்றவை. எல்லாக் கம்பிகளையும் ஒரே சிவப்பில் மாற்றிவிட்ட வண்டி, எழுத்தழிந்த ஏட்டுக்கு ஒப்பாகும். அடுத்து வரும் தொழிலாளி அதில் எதையும் வாசிக்க முடியாது.

இதில் உயிராபத்தும் உண்டு. மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் எரிபற்றல் சுற்றுக்கு பியூஸ் கிடையாது. மண்ணிறக் கம்பியும் வெள்ளைக் கம்பியும் பற்றரியின் முழு வலிமையைத் தடையின்றிச் சுமப்பவை. உறை தேய்ந்த ஓர் இடம் தகட்டைத் தொட்டால், கம்பி நொடியில் செந்தணலாகும். அருகில் பெற்றோல் இருக்கிறது. ஆகவே தகட்டுத் துளைகளில் கம்பி நுழையும் இடந்தோறும் இறப்பர் வளையம் இடுவது சிறு வேலையன்று. கம்பிகளைத் தொடுமுன் பற்றரியைக் கழற்றிவிடுவதும் அவ்வாறே.

திருவும் வேலையைச் செய்தவர் எல்லோரும் ஒன்றைச் சொல்வர்: முழுக் கோவையையும் அறுத்தெறிந்துவிட்டுத் தொடங்கலாகாது. ஒரு கம்பியைக் கழற்றி, அதே நீளத்தில் அதே நிறத்தில் புதியதை மாட்டிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். வெளியே புகைபடிந்து எல்லாம் ஒரே நிறமாகத் தோன்றும் பழைய நூலுறை, நாடாவைப் பிரித்தால், வெயில் படாத இடத்தில் தன் பழைய நிறத்தைக் காட்டும்.

கொயிலில் இன்னொரு நுட்பம் உண்டு. அக்காலப் பிரித்தானிய வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே உடலிரும்புடன் இணைந்திருந்தது. வானொலிப் பெட்டி பொருத்துவதற்காகச் சிலர் பிற்காலத்தில் அதனை மாற்றி எதிர்முனையை இணைத்தனர். அவ்வாறு மாற்றியவர் கொயிலின் எஸ்.டபிள்யூ., சி.பி. என்னும் இரு முனைகளின் கம்பிகளையும் இடமாற்ற மறந்தால், பிளக்கில் பொறி எதிர்த்திசையில் பாயும். அதற்கு மேலும் அதிக வோல்ற்று வேண்டும். வண்டி ஓடும். கடுகண்ணாவையில் மட்டும் திணறும்.

வானொலி என்றதும் நேயர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று. ஆதியில் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி அனுப்பியதும் மின்பொறியைக் கொண்டுதான். ஒவ்வொரு மோட்டார் வண்டியும் தன்னை அறியாமலே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி தொடங்கிய காலந்தொட்டு, வீதியில் வண்டி போகும்போது பெட்டியில் எழும் 'டப் டப்' ஓசைக்குக் காரணம் இதுவே. இதனைத் தடுக்கப் பிரித்தானியா 1950களின் முற்பகுதியில் விதிகளும் இயற்றியது. தூய செம்புக்குப் பதிலாகக் கரிமம் ஏற்றிய நூலை உள்ளே வைத்த பிளக் கம்பிகள் அதன் பின்னர் பெருகின. பழைமை விரும்பிகள் செம்பையே நாடுவர். அயல்வீட்டாரின் செவியையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025இலேயே தனியார் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளைப் பேணும் கைத்தொழிலுக்கு இரண்டாம் முறையாகக் காலம் வந்தது. புதிய வண்டிகளில் இத்தகைய டிஸ்ரிபியூட்டர் இல்லாமையால், அதனை அறிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன.

கண்டியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலை மழைக்குப் பின் ஈரம் எங்கும் படியும். கம்பிகளை மாற்றி முடித்தவர், அத்தகைய ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கம்பிகள் மீது நீலப்பொறி ஊர்ந்தால் வேலை முடியவில்லை. முழு இருளாக இருந்தால் மறுநாள் கணவாயில் ஏறலாம்.