தேனி வைஃபை வலையமைப்பும் அதன் அளவீட்டுப் பதிவுகளும்

மதுரையின் மாட்டுத்தாவணி, பெயரிலேயே மாட்டுச் சந்தையைச் சுமந்து நிற்கும் இடம். இன்று அது பெரிய பேருந்து நிலையம். அங்கிருந்து சிறிது தொலைவில், அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். பின்னர் தேனியிலும் கிளை வந்தது. ஆனாலும் சுற்றுவட்டாரக் கிராமத்தார் கண்ணைக் காட்டுவதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது. துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும்.

இதற்கு வழியாகவே சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்கள் திறக்கப்பட்டன. தேனி மாவட்ட அம்பாசமுத்திரத்தில் (திருநெல்வேலி அம்பாசமுத்திரம் அன்று) முதலில் ஒன்று வந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலுள்ள மருத்துவர் காணொளியில் நோயாளியிடம் பேசுவார். இதற்கு வேகமான இணைப்பு வேண்டும். அன்றைய செயற்கைக்கோள் இணைப்பு செலவு மிகுந்தது. குரல் போய்த் திரும்பவும் தாமதமாகும்.

கலிபோர்னியா பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, வீட்டில் பயன்படும் அதே வைஃபையைப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு நீட்டியது. சாதாரண வைஃபை, அனுப்பிய ஒவ்வொரு பொதிக்கும் ‘கிடைத்தது’ என்ற பதிலை மிகக் குறுகிய நேரத்துக்குள் எதிர்பார்க்கும். தூரம் கூடினால் பதில் வருமுன் பொறுமை தீர்ந்துவிடும். ஆகவே இரு முனைகளும் முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டைக் குழுவினர் எழுதினார்கள். கோபுரங்கள், கூரைகள், ஓர் ஆலையின் புகைபோக்கி என உயரமான இடமெல்லாம் ஆண்டெனாக்களுக்கு உதவின.

இணைப்பு கொடுத்ததைவிட அதைக் காப்பாற்றியதே பெரிய கதை என்பது என் கருத்து. மின்னழுத்தம் திடீரென ஏறும், இறங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நினைவட்டை கெடும். காற்றில் ஆண்டெனா திரும்பும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான்: “நெட் வேலை செய்யவில்லை.” எது காரணம் என்று அறியாமல் கோபுரம் ஏறினால் ஒரு நாள் வீண், அன்று வந்த நோயாளிகளும் மருத்துவரைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதுதான்.

வலையமைப்பைக் கண்காணிக்க வழக்கமான முறை, நடுவில் ஒரு கணினி இருந்து ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டு விசாரிப்பது. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது போல. புதிய கருவி சேரும்போதெல்லாம் அந்தக் கணினியில் பட்டியலைத் திருத்த வேண்டும். அந்தக் கணினியே வைரஸால் படுத்துவிட்டால் பதிவேடே இல்லை. வெளியிலிருந்து மருத்துவமனை வலைக்குள் நுழையவும் எளிதில் முடியாது. எனவே குழுவினர் முறையைத் திருப்பிப் போட்டார்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தானே அளந்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை அமெரிக்காவிலுள்ள சர்வருக்கு அனுப்பியது. இதற்கு ‘ஃபோன்ஹோம்’ என்று பெயர். சமிக்ஞை வலிமை, இரைச்சல், பொதி இழப்பு, தாமதம், நினைவகப் பயன்பாடு ஆகியவை அதில் அடங்கும்.

நாள்வாரியாக இவை சேர்ந்த பிறகுதான் நோயறிதல் கைகூடியது. ஒரு புயலுக்குப் பின் இரு முனைகளிலும் சமிக்ஞை சரிந்து அப்படியே நின்றால் ஆண்டெனா திரும்பியிருக்கலாம். சமிக்ஞை நன்றாக இருந்தும் பொதிகள் இழந்தால் பிற ரேடியோக்களின் குறுக்கீட்டைச் சந்தேகிக்கலாம். இந்த அனுபவங்களைக் குழுவினர் 2008-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பழுதுகளில் மிகப் பெரும்பங்கு தரமற்ற மின்சாரத்தால் வந்தது என்பது அதில் கவனிக்கத்தக்க முடிவு. அலைகளைப் பற்றிய ஆராய்ச்சி, கடைசியில் கரண்டுப் பெட்டியில் வந்து நின்றது!

இன்று செயற்கைக்கோள் இணையம் வாங்குவோர் பலர் வேகத்தையும் தாமதத்தையும் சிறு நிரல் எழுதித் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். அம்முயற்சியில் இறங்கும் மாணவர்கள் தேனி வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. இணைப்பு அறுந்த நேரத்து அளவீடுகளைக் கருவியிலேயே வைத்திருந்து, இணைப்பு வந்ததும் உரிய நேரக்குறிப்புடன் அனுப்ப வேண்டும். பதிலே வராத சோதனையையும் ஒரு வரியாகப் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால், இணைப்பு இருந்த நேரங்களின் சராசரி மட்டுமே கிடைக்கும்.