1942ல தார் வீச்சு வாங்கிய ராஜாஜி: ஒரு நூலகப் பேச்சுக்கான தலைப்பு

நூலகத்துல இலவசமா ஒரு வரலாற்றுப் பேச்சு, தலைப்பு ‘போர்க்காலத் தலைவர்கள்’னு நோட்டீஸ் ஒட்டினா, உள்ளே யார் யார் வருவாங்கன்னு போகாமலே சொல்லிடலாம். சர்ச்சில், ஹிட்லர், ஸ்டாலின், ரூஸ்வெல்ட். நம்ம பக்கத்துக்கு நேதாஜி. தப்பில்லை, ஆனா இதுக்கெல்லாம் யூடியூப்ல ஏற்கெனவே வீடியோ குவிஞ்சு கிடக்கு. தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்துல அப்படி ஒரு பேச்சு வைக்கறதா இருந்தா, நான் கேட்க ஆசைப்படறது வேற ஒருத்தரைப் பத்தி. பக்கத்துலயே குற்றாலத்துக்கு வந்து தங்கிட்டுப் போற பழக்கம் உள்ளவர். ராஜாஜி. அதுவும் 1942 ராஜாஜி.

குற்றாலம் எதுக்கு? அருவிக்காக மட்டும் இல்லை. அங்கே அவருடைய நண்பர் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். டி.கே.சி.யை நிறைய பேருக்கு ‘கம்பர் ஆளு’ன்னுதான் தெரியும். குற்றாலத்துக்குப் போறதுக்கு முன்னாடி, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில அவர் வீட்டு முற்றத்துல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கூடுவாங்க. முற்றம் வட்டமா இருந்ததால அந்தக் கூட்டத்துக்கே ‘வட்டத்தொட்டி’ன்னு பேர் வந்துடுச்சு. டிக்கெட் கிடையாது. பாட்டைச் சொல்றது, ரசிக்கறது, பேசறது, அவ்வளவுதான்.

ஆனா அது ஒரு பெரிய மனுஷர் வீட்டு முற்றம். உள்ளே போக யாரையாவது தெரிஞ்சிருக்கணும். யாரையுமே தெரியாதவனும் உள்ளே வந்து உட்காரலாம்னு ஒரு இடம் வேணும்னா அதுக்குச் சட்டம் தேவைப்பட்டது. 1948ல சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். பின்னாடி இருந்த மூளை, சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். காசு எங்கேயிருந்து? சொத்துவரியோட சேர்த்து நூலக வரி வாங்கறாங்க. இப்போ தமிழ்நாட்டுல அது ரூபாய்க்கு 10 பைசா. அதனால ‘இலவசப் பேச்சு’ன்னா யாரோ தர்மம் பண்றாங்கன்னு நினைக்க வேண்டாம், நாம ஏற்கெனவே கட்டியாச்சு. (சொந்த வீடு இல்லையே பாஸ்னு சொல்றவங்களுக்கு: வாடகை வழியா நீங்களும்தான்.)

சரி, 1942. அந்த வருஷத்தை முடிவு தெரிஞ்ச கண்ணோட பார்க்காம, மாசம் மாசமா பார்க்கலாம்.

பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பான் கையில விழுது. மார்ச் 8, ரங்கூன். பர்மாவுல இருந்து நம்ம ஆட்கள் காட்டு வழியா நடந்தே வர்றாங்க, பர்மா அரிசியும் நின்னு போகுது. ஏப்ரல் 5, கொழும்பு மேல குண்டு. ஏப்ரல் 6, விசாகப்பட்டினம், காக்கிநாடா. ரெண்டும் அப்போ சென்னை மாகாணத்துக்குள்ள இருந்த ஊர்கள். சென்னையை விட்டு ஜனங்க கூட்டம் கூட்டமா கிளம்பறாங்க, அரசு அலுவலகங்களே வெளியூருக்கு மாறுது. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகும்னு பயந்து, மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம், புலியைச் சுட்டே கொன்னாங்க.

இந்தச் சூழ்நிலையிலதான் ராஜாஜி ஒரு கணக்குப் போடறார். 1939 அக்டோபர்ல, எங்களைக் கேட்காம இந்தியாவைப் போர்ல இழுத்துட்டீங்கன்னு காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா பண்ணினப்போ, சென்னைப் பிரதமர் பதவியை விட்டவர் இவரே. இப்போ சொல்றார்: ஜப்பான் வாசல்ல நிக்குது, முஸ்லிம் லீக்கோட சமாதானமா போய், அவங்க பிரிஞ்சு போற உரிமையைக்கூட ஒத்துக்கிட்டு, ஒரு தேசிய அரசாங்கம் அமைச்சு நாட்டைக் காப்பாத்தணும். ஏப்ரல் 23ல சென்னை காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களை வெச்சு இதைத் தீர்மானமாவே போட வைக்கறார். அலகாபாத்துல கூடின அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை 120க்கு 15னு தூக்கி எறியுது.

அதோட விட்டிருக்கலாம், விடலை. ஊர் ஊராப் போய்ப் பேசினார். பம்பாய் மாட்டுங்காவுல, அதாவது தமிழர்கள் நிறைய இருந்த பேட்டையில, மேடையிலேயே அவர்மேல தார் வீசினாங்க. ஜூலையில கட்சியை விட்டே வெளியே வந்தார். ஆகஸ்ட்ல ‘வெள்ளையனே வெளியேறு’ தொடங்குது, காந்தி, நேரு எல்லாரும் ஜெயில்ல, ராஜாஜி வெளியே.

அதே நேரம் நம்ம திருநெல்வேலி ஜில்லாவுல என்ன நடந்துச்சு? செப்டம்பர்ல குலசேகரன்பட்டினத்துல உப்பு அலுவலகத்தை இளைஞர்கள் தாக்கினாங்க. லோன்ங்கற வெள்ளைக்கார அதிகாரி செத்தார். காசிராஜன், ராஜகோபாலன் ரெண்டு பேருக்கும் தூக்குத் தண்டனை தீர்ப்பாச்சு. பிறகு அது குறைக்கப்பட்டு, சுதந்திரத்தை ஒட்டி வெளியே வந்தாங்க. அந்தப் பசங்க கண்ணுல ராஜாஜி எப்படித் தெரிஞ்சிருப்பார்? யோசிக்கவே தேவையில்லை.

என் அபிப்பிராயம்? ஜப்பானைப் பத்தி அவர் பயந்தது நியாயம். அரிசி விஷயம் 1943ல வங்கத்துல பஞ்சமா வெடிச்சு, சுமார் 30 லட்சம் பேர் செத்தாங்க. பர்மா அரிசி நின்னது அதுக்கு ஒரு காரணம், சர்ச்சில் அரசாங்கத்தோட அலட்சியம் இன்னொரு காரணம். ராஜாஜி கோட்டை விட்டது அங்கேதான்னு நினைக்கிறேன். அந்த சர்ச்சில் நிஜமான அதிகாரத்தை இறக்கிக் கொடுப்பார்னு எதிர்பார்த்தது ரொம்ப ஓவர். அப்புறம் கூட்டத்தோட மனசு. 1938ல ஹிந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவங்களை ஜெயில்ல போட்டவர் திரும்பி வந்து ‘நான் சொல்றதைக் கேளுங்க’ன்னா, தமிழ்நாட்டுல எத்தனை பேர் காது கொடுப்பாங்க?

ஆனா கதை அங்கே முடியலை. 1944 செப்டம்பர்ல காந்தி, பம்பாய்ல ஜின்னா வீட்டுக்கே போய்ப் பேச்சுவார்த்தை நடத்தினார். பேச்சுக்கு அடிப்படையா கையில எடுத்துட்டுப் போனது ராஜாஜி திட்டம். பேச்சு தோத்துப்போச்சு, அது வேற விஷயம். ரெண்டு வருஷம் முன்னாடி தார் வாங்கித் தந்த யோசனைதான் அது.

இதை வீடியோவா போட்டா, 1938க்காக அவரைத் திட்டறவங்க ஒரு கமென்ட், அறிவாளின்னு கும்பிடறவங்க ஒரு கமென்ட், முடிஞ்சது. நூலகத்துல பேசினா, போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்த பொண்ணு எழுந்து, ‘சார், 15 பேர்தான் ஓட்டுப் போட்டாங்கன்னா அந்த 15 பேர் யாரு?’ன்னு கேட்கும். பின்வரிசைத் தாத்தா ஒருத்தர், தன் அப்பா ரங்கூன்ல இருந்து நடந்து வந்த கதையை எடுப்பார். பேசறவர் திணறுவார். அந்தத் திணறலைப் பார்க்கத்தான் எனக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலி வேணும். உங்க ஊர் நூலகத்துல வாசகர் வட்டம் இருந்தா நூலகர்கிட்ட இந்தத் தலைப்பைச் சொல்லிப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல தென்காசியை விட்டு ரொம்ப தூரம் போகலை, கடையம்தான். முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட, 1918 நவம்பர்ல கடலூர்ல கைதான பாரதி, வெளியே வந்து மனைவி செல்லம்மாவோட ஊர்ல ரெண்டு வருஷம் எப்படி இருந்தார்னு பார்ப்போம்.