இரத்தப் புற்றுநோய்
எலும்பு மஜ்ஜையிலோ நிணநீர்த் திசுவிலோ இரத்த அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோய்த்தொகுதி. லுக்கேமியா, லிம்ஃபோமா, மல்டிபிள் மைலோமா ஆகியவை இதன் முதன்மை வகைகள். ஏபிளாஸ்டிக் அனீமியா புற்றுநோயன்று. அதில் மஜ்ஜையின் அணு உற்பத்தி குன்றுகிறது. ஆயினும் வெளிறல், காய்ச்சல், ஈறுகளில் இரத்தக் கசிவு, தோலில் செம்புள்ளிகள் ஆகியவை இதற்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் பொதுவாதலால், வேறுபடுத்தி அறிய மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படும்.

செவிலியர் கவனம்: நியூட்ரோஃபில் (வெள்ளணு வகை) மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழிருக்கையில் வரும் காய்ச்சல் அவசரநிலை; இரத்தக் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். பிளேட்லெட் குறைந்தவருக்குத் தசை ஊசியும் ஆசனவாய் வெப்பமானியும் கூடா. வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைச் சிரைவழி மட்டுமே செலுத்த வேண்டும். தண்டுவட உறைக்குள் செலுத்தினால் பெரும்பாலும் உயிர் போகும். அதனால் அதைச் சிரிஞ்சில் அன்றிச் சிறு சலைன் பையில் தருவதே பாதுகாப்பு.

சிகிச்சை வரலாறு: சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986-இல் ஆரம்பமானது. நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கான இமாட்டினிப் மாத்திரையின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது; 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் விண்ணப்பித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததால் இந்திய நிறுவனங்களின் மலிவு மாத்திரைகள் தொடர்ந்து கிடைத்தன.