யமுனை மணலில் முலாம்

பங்குனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தில்லித் தெருக்களில் கைவண்டிகள் நிறைந்துவிடும். முலாம்பழம், தர்ப்பூசணி, கக்கரி ஆகிய மூன்றும் இல்லாமல் இங்கே கோடை கழிவதில்லை. இவற்றுள் 'தர்ப்பூசணி' என்பது 'தர்பூஸ்' என்னும் பாரசீகச் சொல். தமிழ் நாவிற்கு வந்த இடத்தில் நம் பூசணியோடு ஒட்டிக்கொண்டது. கக்கரியோ பார்வைக்கு வெள்ளரியின் தம்பி, பிறப்பால் முலாம் இனம். நம் ஊர்களில் கோடையில் வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழமும் அவ்வினமே. ஆகவே முலாம் இந்நாட்டிற்கு அந்நியமன்று. இனிப்பு மிகுந்த மத்திய ஆசிய வகைகள்தாம் பின்னர் வந்தவை.

அந்த வகைகளுக்காக ஏங்கியவர் பாபர். 1526ஆம் ஆண்டு பானிப்பட்டில் வென்று ஆக்ராவில் அமர்ந்த அவர், துருக்கி மொழியில் எழுதிய தம் நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்தின் குறைகளை ஒரு பட்டியலாகவே தருகிறார். நல்ல குதிரை இல்லை, குளிர்ந்த நீர் இல்லை, திராட்சை இல்லை, நல்ல முலாம் இல்லை என்று அது நீள்கிறது. வென்ற நாட்டின்மீது ஒருவர் இவ்வளவு குறை கூறுவது நமக்குச் சற்றே எரிச்சலூட்டும். ஆயினும் ஊரை விட்டு வந்து பிழைக்கும் எவரும் அந்தப் பட்டியலை முற்றிலும் வெறுத்துவிட முடியாது. நம் வீடுகளிலும், தில்லியின் தண்ணீரையும் கத்தரிக்காயையும் பற்றி அப்படியொரு பட்டியல் உண்டல்லவா?

பாபரின் தளபதிகளுள் ஒருவரான குவாஜா கலான் இந்நாட்டு வெப்பம் தாளாமல் காபூல் பக்கம் திரும்பிவிட்டார். நம் அலுவலக மொழியில் சொன்னால், மாற்றல் கேட்டுப் பெற்றவர். 1529இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், அங்கிருந்து வந்த ஒரு முலாம்பழத்தை அறுத்து உண்டபோது பிரிவின் துயரம் தம்மை ஆட்கொண்டதாகவும், தாம் கண்ணீர் விட்டதாகவும் பாபர் ஒளிக்காமல் எழுதுகிறார். அதே ஆண்டுக் கோடையில், பல்க் நகரத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஆக்ராவில் யமுனைக்கரைத் தோட்டத்தில் விளைவித்த சிறிய முலாம்பழங்கள் அவர் கைக்கு வந்தன. மிக நன்றாக இருந்தன என்று மகிழ்ந்து குறித்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு இறுதியில் அவர் மறைந்தார். முதலில் ஆக்ராத் தோட்டமொன்றில் அடக்கம் செய்யப்பட்ட உடல், பின்னாளில் காபூலுக்கே கொண்டுசெல்லப்பட்டது. பழம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அரசர் தோட்டத்தில் ஆள் அமர்த்தி விளைவித்த கதை இவ்வளவே. ஆற்று மணலில் சிறு குடும்பங்கள் இப்பயிரை வளர்த்த வரலாற்றுக்குக் குறிப்பேடு எழுதியவர் எவருமில்லை. அதனை அவர்களுடைய தொழில்முறையிலிருந்தே அறியவேண்டும். முலாம் தோட்டத்தைக் குறிக்கும் 'பாலீஸ்' என்ற பாரசீகச் சொல்லே 'பாலேஜ்' என மருவி, வட இந்தியாவில் ஆற்றுப்படுகைப் பயிருக்குப் பெயராகிவிட்டது.

மழைக்கால வெள்ளம் வடிந்ததும் மணல் திட்டுகள் தலைகாட்டும். சென்ற ஆண்டு உழுத இடம் இவ்வாண்டு ஆற்றுக்குள் இருக்கலாம்; ஆகவே எல்லையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வகுக்கவேண்டும். நிலம் பெரும்பாலும் குத்தகை நிலமே. மார்கழிக் குளிரில் குடும்பமே இறங்கிச் சுமார் 2 அடி ஆழத்துக்கு நீண்ட குழிகள் வெட்டி, சாணியெருவும் பிண்ணாக்கும் இட்டு நிரப்புகிறது. மணலில் சத்து ஏது? எல்லாம் சுமந்து கொட்டியதுதான். அந்தக் குளிரில் விதை தானாக முளைப்பதும் அரிது. ஈரத்துணியில் முடிந்து, அடுப்பின் வெதுவெதுப்பில் வைத்து முளைகட்டி ஊன்றுகிறார்கள். வாடைக்காற்று வரும் பக்கமாக நாணற்புல்லால் தடுப்பு நிறுத்துகிறார்கள். பனி நீங்கியதும் அதே புல் மணல்மேல் பரப்பப்படுகிறது. கொடி சுடுமணலில் வேகாதிருக்கவும், காற்றில் புரளாதிருக்கவும் அதுவே பாய். வேர் கீழே ஈரத்தைத் தொடும்வரை குடத்தால் நீர் ஊற்றவேண்டும். அதன்பின் ஆறே பார்த்துக்கொள்ளும்.

முதலில் கக்கரியும் வெள்ளரியும் காய்க்கும், பின்னர் முலாம். நம்மை வீட்டுக்குள் அடைத்துவிடும் 'லூ' என்னும் அனற்காற்றுதான் பழத்துக்கு இனிப்பேற்றுகிறது. நடுவே ஒரு கோடைமழை பெய்தால் நமக்கு ஆறுதல், அவர்களுக்கு நட்டம். சூலையில் வெள்ளம் வருமுன் கடைசிப் பழமும் கரையேறிவிடவேண்டும்.

விளைவிப்பது ஒரு பாடு என்றால் விற்பது வேறொரு பாடு. மார்கழியில் விதைக்கும் எருவுக்கும் முன்பணம் தருபவர் மண்டித் தரகர். கொடுத்தவரிடமே பழம் போகவேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். பழைய மண்டிகளில் துணிக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இருந்தது. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் நடக்கும் அதே பேச்சு! விளைவித்தவன் அருகில் நின்றாலும் தன் பழத்தின் விலை அவன் காதில் விழாது. 1977இல் மொத்த வாணிபம் பழைய சப்ஜி மண்டியிலிருந்து ஆசாத்பூருக்கு மாறியது. இடம் விரிந்தது, முன்பணக் கட்டு அவிழவில்லை. எல்லார் பழமும் ஒன்றாக வந்து குவியும் வைகாசியில் விலை சரிகிறது. பழுத்த முலாமை நாளைக்கென்று வைத்திருக்கவும் இயலாது. எனவேதான் ஒரு பங்கையாவது பாலத்தடியிலும் சாலையோரத்திலும் வைத்து வீட்டுப் பெண்கள் தாமே விற்கிறார்கள். அவர்களிடம் பேரம் பேசுவதில் நம்மவர் எவருக்கும் சளைத்தவர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2015 சனவரியில், நீர் தூய்மையாகும்வரை தில்லியின் யமுனை வெள்ளப்படுகையில் உண்ணும் பயிர்களை விளைவிக்கக் கூடாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்த நீரில் விளைந்ததை உண்ணலாகாது என்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கழிவு குழி வெட்டியவன் வீட்டிலிருந்து வந்ததன்று. நஜப்கர் கால்வாய் போன்ற வடிகால்களின் வழியே, நாம் குடியிருக்கும் நகரத்திலிருந்து வந்தது. தண்டனை மட்டும் கடைசியில் இருந்தவனுக்குப் போய்ச் சேர்ந்தது. இதே படுகையில் பெரிய கட்டடங்கள் எழுந்ததையும் நாம் கண்டோம். 2010 காமன்வெல்த் போட்டிக்கான வீரர் குடியிருப்பும் அவற்றுள் ஒன்று.

2023 சூலை 13 அன்று பழைய இரயில் பாலத்தருகே யமுனை 208.66 மீட்டர் அளவுக்கு ஏறியது. 1978ஆம் ஆண்டின் பெருவெள்ளம்கூட 207.49 மீட்டர்தான். படுகையில் இருந்த குடிசைகள் மூழ்கின. குடும்பங்கள் சாலையோரக் கூடாரங்களுக்கு வந்தன. வெள்ளம் வடிந்தபோது புது வண்டல் படிந்திருந்தது. பாலேஜ்காரர்களின் பழைய கணக்குப்படி, அடுத்த கோடையில் முலாம் நன்றாக விளைந்திருக்க வேண்டும்.