மூன்று கொடி ஏறினாலும் மாட்டை யார் பார்ப்பது?

மட்டக்களப்புப் பக்கம் வயது போன ஆக்களிட்ட 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றிக் கதைத்தால், எங்கட தலைமுறை கேட்கிற முதல் கேள்வி, "ஏன் முதலே வெளிக்கிட்டுப் போகேல்ல?" என்பதுதான். சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் இதே கேள்விக்கு விடை தேட வங்காளதேசத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்க சொல்லப் போறம்.

1970 நவம்பர் 12 இரவு. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். போலா, ஹத்தியா, மன்புரா தீவுகளைச் சூறாவளியும் கடல் பெருக்கும் சேர்ந்து மூடின. செத்தவர்கள் குறைந்தது மூன்று இலட்சம் பேர். ஆற்று மண் சேர்ந்து உருவான, கடல்மட்டத்தை விட்டு அதிகம் உயராத திட்டுகளில் குடியிருந்த காணியில்லாத கூலிகளும் மீனவர்களும்தான் அதில் பெரும்பகுதி. வேற இடத்தில் காணி கிடைத்திருந்தால் அவர்கள் அங்க போய்க் குடியேறியிருக்க மாட்டார்கள்.

எச்சரிக்கை வராமல் இல்லை. புயல் வருது என்று பெரும்பாலானோருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் பிறகு நடந்த ஆய்வு சொன்னது. ஆனால் உறுதியான கட்டடங்களுக்குப் போனவர்கள் மிகச் சொற்பம். எங்க போறது? கல்வீடு எத்தனை இருந்தது? மாட்டையும் நெல்லையும் விட்டுட்டுப் போனால் திரும்பி வந்து எதை வைத்துச் சீவிக்கிறது?

நாடு விடுதலையான பிறகு, 1972இல் செஞ்சிலுவைச் சங்கம் சூறாவளி ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருடம் அரசும் சேர்ந்துகொண்டது. திட்டத்தின் அடிப்படை எளிமையானது: வானொலி சொல்வதை நம்பாதவர், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் நம்புவார். அதனால் ஊர்க்காரரையே தொண்டர்களாக்கினார்கள். கையில் ஒலிபெருக்கியும் சைரனும். ஆபத்து கூடக் கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். ஆடுமாடு ஏறி நிற்க உயரமான மண்மேடுகளும் கட்டினார்கள். ஏழைக்கு மாடுதான் வங்கி என்பதை அந்த மேடுகள் ஒத்துக்கொண்டன.

ஆனாலும் 1991 ஏப்ரல் 29 வந்தது. சிட்டகொங் கரையில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். பாதுகாப்பிடங்கள் போதவில்லை. இன்னொரு உண்மையும் அப்போது வெளியில வந்தது: ஆண்களை விடப் பெண்கள் பல மடங்கு அதிகமாகச் செத்திருந்தார்கள். புருசன் வரட்டும் என்று காத்திருந்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்தவர்கள், அந்நிய ஆண்கள் நிறைந்த ஒரே மண்டபத்துக்குள் போகக் கூசியவர்கள். அவர்களை நினைத்து யாரும் திட்டம் போட்டிருக்கவில்லை.

பிறகுதான் மாற்றம் வேகமெடுத்தது. சாதாரண நாளில் பள்ளிக்கூடமாக இயங்கும் பாதுகாப்பிடங்கள் பெருகின. பெண்களுக்குத் தனி அறை வந்தது. இண்டைக்குத் தொண்டர்கள் 76,000க்கு மேல். அதில் பாதிப்பேர் பெண்கள். 2007இல் சிடர் மிகப் பலமான சூறாவளி. இறந்தவர்கள் ஏறக்குறைய 3,400. 2020இல் அம்பன் வந்தபோது, கொரோனாக் காலத்திலும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம்மாற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது.

இதை வெற்றிக்கதை என்று மூடிவிட எங்களுக்கு விருப்பமில்லை. 2009இல் அய்லா தென்மேற்குக் கரையின் அணைகளை உடைத்தது. உப்புத் தண்ணி வயலுக்குள் ஏறியது. உயிர் தப்பிய குடும்பங்கள் பல, மாதக்கணக்கில் அணைக்கட்டின் மேலேயே கொட்டில் போட்டுக் கிடந்தன. உயிரைக் காப்பாற்றுவது ஒன்று. திரும்பி வந்து வாழ ஏதாவது மிஞ்சுவது வேறொன்று. முதலாவதை வங்காளதேசம் பெருமளவு கற்றுவிட்டது. இரண்டாவது இன்னும் முடியவில்லை.

எங்கட கரையிலயும் இப்ப எச்சரிக்கை ஃபோனுக்கே வருது. ஆனால் வள்ளத்தை எங்க கட்டுறது, வலையை எங்க வைக்கிறது, நடக்க ஏலாத அம்மம்மாவை யார் தூக்கிறது? அடுத்த மாரிக்கு முதல் ஒவ்வொரு கடற்கரை ஊரும் உட்கார்ந்து இதைக் கதைக்க வேணும். அதற்குப் பிறகுதான் "ஏன் போகேல்ல?" என்று கேட்கிற உரிமை எங்களுக்கு வரும்.