பெண் சர்ரியலிச ஓவியர்கள்: 51,000 டாலர் ஓவியம் 54.7 மில்லியன் டாலர் ஆனது எப்படி?

கட்டிலில் ஒரு பெண் உறங்குகிறார். கட்டிலின் மேற்கூரையில் ஓர் எலும்புக்கூடு, உடம்பெல்லாம் வெடிகளைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

மெக்சிக்கோவைச் சேர்ந்த ஃபிரிடா காலோ 1940இல் வரைந்த 'கனவு (கட்டில்)' என்ற ஓவியம் அது. 1980இல் அதை ஒருவர் 51,000 அமெரிக்க டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். 2025 நவம்பரில் நியூயார்க்கின் சோதபிஸ் ஏலத்தில் அதே ஓவியம் 54.7 மில்லியன் டாலருக்குப் போனது. ஆயிரம் மடங்குக்கும் மேல்!

பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு ஏலத்தில் கிடைத்த ஆக உயர்ந்த விலை அது. 45 ஆண்டில் ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அப்படியென்றால் என்னதான் மாறியது?

சர்ரியலிசம் என்றால் என்ன?

கனவும் ஆழ்மனமும் சொல்வதைக் கலையாக்கும் இயக்கம். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் பாரிசில் அதன் கொள்கை அறிக்கையை வெளியிட்டார்.

சர்ரியலிசம் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த சால்வடோர் டாலியா? ஆப்பிளால் முகம் மறைத்த மனிதரை வரைந்த ரெனே மக்ரித்தா? பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான் வரும்.

ஆனால் பெண்களும் அப்போதே அங்கே இருந்தார்கள். மெரெட் ஓப்பன்ஹைம் 1936இல் தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றையும் விலங்கின் ரோமத்தால் போர்த்தினார். அது இன்று நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தில் இருக்கிறது. லியோனோரா கேரிங்டன், ரெமெடியோஸ் வாரோ, டோரத்தியா டேனிங், லியோனோர் ஃபினி என்று பட்டியல் நீளும்.

ஃபிரிடா காலோவை சர்ரியலிஸ்ட் என்று அழைத்தவர் பிரெத்தோன். காலோவோ அந்த அடையாளத்தை ஏற்கவில்லை. தாம் வரைவது கனவை அல்ல, தம் வாழ்க்கையை என்பது அவர் நிலைப்பாடு.

ஏன் அப்போது யாரும் வாங்கவில்லை?

யாருமே வாங்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் எட்வர்ட் ஜேம்ஸ் போன்ற சிலர் கேரிங்டனின் ஓவியங்களைத் தேடி வாங்கினார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்கள் சிலர்தான்.

இயக்கத்தில் இருந்த ஆண்கள் பலருக்குப் பெண் என்றால் ஓவியத்துக்கான தூண்டுதல், அவ்வளவுதான். இன்னாரின் மனைவி, இன்னாரின் காதலி என்றே பலரும் அறிமுகமானார்கள். கேரிங்டனைப் பற்றிப் பேசினால் உடனே மாக்ஸ் எர்ன்ஸ்ட் பெயரும் வந்துவிடும். டேனிங்குக்கும் அதே கதைதான். அவர் எர்ன்ஸ்ட்டின் மனைவி.

1943இல் பெக்கி குகன்ஹைம் நியூயார்க்கில் உள்ள தம் கலைக்கூடத்தில் 31 பெண்களின் படைப்புகளை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்தினார். காலோ, கேரிங்டன், ஓப்பன்ஹைம், டேனிங், ஃபினி எல்லாரும் அதில் இருந்தார்கள். இன்று அந்தப் பட்டியலைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்த 31 பேரில் பலருடைய பெயர் பிறகு மறந்தே போனது.

எப்போது நிலைமை மாறியது?

முதலில் வந்தவர்கள் ஆய்வாளர்கள். பணம் பிறகுதான் வந்தது. அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் விட்னி சாட்விக் 1985இல் சர்ரியலிச இயக்கத்துப் பெண் கலைஞர்களைப் பற்றி நூல் வெளியிட்டார். அடுத்தடுத்து கண்காட்சிகள் வந்தன. 2022இல் வெனிஸ் கலைவிழாவின் தலைப்பே கேரிங்டனின் புத்தகம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது.

விலை அதன் பின்னால் ஓடியது. கேரிங்டன் 1945இல் வரைந்த 'டாகோபர்ட்டின் பொழுதுபோக்குகள்' 1995இல் 475,500 டாலருக்கு விற்கப்பட்டது. 2024 மே மாதம் 28.5 மில்லியன் டாலர். ஏறக்குறைய 60 மடங்கு.

வாங்கியவர் அர்ஜென்டினாவின் எடுவர்டோ கோஸ்தன்தினி. 1995 ஏலத்திலும் அதே ஓவியத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் அவர். விட்ட ஓவியத்தைப் பிடிக்க அவருக்கு 29 ஆண்டு ஆனது!

அப்போ, ஆணும் பெண்ணும் சமமா?

இன்னும் இல்லை. 2024 நவம்பரில் மக்ரித்தின் ஓவியம் ஒன்று 121 மில்லியன் டாலரைத் தாண்டியது. காலோவின் சாதனை விலை அதில் பாதிகூட இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். விலை ஏறியதால் லாபம் யாருக்கு? ஓவியத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு. கேரிங்டன் 2011இல், 94 வயதில் காலமானார். அந்த 28.5 மில்லியன் டாலரை அவர் பார்க்கவில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரவேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2006 முதல் உண்டு. அமெரிக்காவில் அப்படியொரு தேசியச் சட்டம் கிடையாது.

வாங்கிய ஓவியம் எங்கே போகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. கோஸ்தன்தினி 2021இல் காலோவின் 'டியேகோவும் நானும்' ஓவியத்தை 34.9 மில்லியன் டாலருக்கு வாங்கினார். மறு ஆண்டே, புவனோஸ் ஐரிசில் தாம் நிறுவிய மால்பா அரும்பொருளகத்தில் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார்.

'கனவு (கட்டில்)' ஓவியத்தை வாங்கியவரின் பெயரோ வெளியிடப்படவில்லை. அது மறுபடி எப்போது பொதுமக்கள் கண்ணில் படும் என்பது இப்போது அந்த உரிமையாளர் கையில்.

மெக்சிக்கோ இதற்கு முன்பே ஒரு வழி கண்டது. 1984இல் காலோவின் படைப்புகளையும், பின்னர் வாரோவின் படைப்புகளையும் தேசியக் கலைச் சின்னங்களாக அறிவித்தது. மெக்சிக்கோவில் இருப்பவற்றை நிரந்தரமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் அந்நாட்டுக்கு வெளியே இருக்கும் சில ஓவியங்களுக்கு அவ்வளவு போட்டி.

நம்மைப் போன்றவர்கள் வாங்க முடியுமா?

ஓவியம் வேண்டாம், அச்சுப் படம்? அது முடியும். ஃபினியும் டேனிங்கும் கேரிங்டனும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சுப் படங்களை வெளியிட்டவர்கள். ஓவியத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகக் குறைவு. ஆனால் அவசரப்பட வேண்டாம். முதலில் இவற்றைப் பாருங்கள்:

• கைமாறிய வரலாறு: யாரிடமிருந்து யாருக்குப் போனது? ரசீது, கண்காட்சிப் பதிவு இருக்கிறதா?

• பதிப்பு எண்: ஓரத்தில் 12/100 என்று இருந்தால், 100 பிரதிகளில் அது 12ஆவது. எண்ணும் கையெழுத்தும் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

• வார்க்கப்பட்ட காலம்: வெண்கலச் சிற்பம் என்றால், கலைஞர் உயிரோடு இருந்தபோது வார்த்ததா, பிறகா? விலையே மாறிவிடும்.

• முழுப் பட்டியல்: கலைஞரின் எல்லாப் படைப்புகளையும் பதிவுசெய்த நூல் இருந்தால், நீங்கள் வாங்கும் படைப்பு அதில் உண்டா?

விலை ஏறும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். எந்தக் கலைஞருக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

பணம் இல்லாமலும் சேகரிக்கலாமா?

லீ மில்லரின் கதையைக் கேளுங்கள். சர்ரியலிசப் புகைப்படக் கலைஞராக இருந்து, இரண்டாம் உலகப் போரைப் படமெடுத்தவர் அவர். 1977இல் அவர் இறந்த பிறகு, இங்கிலாந்தில் உள்ள வீட்டின் பரணில் குடும்பத்தார் பெட்டிகளைக் கண்டார்கள். உள்ளே ஏறக்குறைய 60,000 படங்கள், நெகட்டிவ்கள், கடிதங்கள், ஆவணங்கள்! அவர் செய்த வேலையின் அளவு சொந்த மகனுக்கே அதுவரை தெரியாது. குடும்பம் அவற்றை வரிசைப்படுத்தி ஆவணக் காப்பகமாக்கியது. இன்று உலகம் மில்லரை அறிந்திருப்பது அதனால்தான்.

அமெரிக்காவின் ஜென்னா சீகல் இன்னொரு வழியில் போனார். 1943 கண்காட்சியின் 31 பெண்களுடைய படைப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். 2023இல் அவற்றை நியூயார்க்கில் மக்களுக்குக் காட்டினார். புகழ்பெற்ற பெயர்களுக்குப் பக்கத்தில், யாரும் கேள்விப்படாத பெயர்களும் சுவரில் இடம்பிடித்தன.

அடுத்த முறை அரும்பொருளகம் போனால், படத்தின் அருகில் உள்ள சிறு அட்டையைக் கடைசி வரி வரை படியுங்கள். யார் வாங்கினார், யார் கொடுத்தார், எந்த ஆண்டு என்று அதில் இருக்கும். வரைந்த ஆண்டுக்கும் அரும்பொருளகத்துக்கு வந்த ஆண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அத்தனை ஆண்டும் யாரோ ஒருவர் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்.